மீட்டரில் 50 ஹெர்ட்ஸ் சரியாகக் காட்டும்போதும் கிரிட் (ஜெனரேட்டர்களையும் லைன்களையும் கோத்த மின் வலைப்பின்னல்) ஊசலாடியது என்கிறார்களே, அது என்ன? தூரத்து அளவீடுகளை வைத்து அதை எப்படி அடக்குகிறார்கள்?

பல்லடத்தில் தறி ஓட்டும் என் மச்சானும் இதைத்தான் கேட்டார். “ஏனுங்க மாப்பிள்ளை, லைட்டு மினுக்கறது இதனாலதானுங்களா?” இல்லை. அது பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர், லூஸ் கனெக்‌ஷன் சமாச்சாரம். கிரிட் ஆடுவது வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கேவி லைன் வழியாகத் தென்னக கிரிட் நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. அன்றிலிருந்து மேட்டூர் அனல் நிலைய ஜெனரேட்டரும் பஞ்சாபில் சுற்றுவதும் ஒரே கூட்டு. எங்காவது பெரிய லைன் ட்ரிப் ஆனால், ஒரு பகுதி ஜெனரேட்டர்கள் கூட்டமாகக் கொஞ்சம் முந்தும், இன்னொரு பகுதியில் இருப்பவை பிந்தும், அப்புறம் மாறும். நடுவில் உள்ள லைன்களில் மெகாவாட் ஏறி இறங்கும். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு முதல் ஐந்தாறு செகண்ட். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். லைன் பலம் குறைந்து, அதில் போகும் மின்சாரமும் கூடினால் அடங்காமல் வளரும்.

சப்ஸ்டேஷனில் வேலை பார்க்கும் எனக்கு இது புலப்பட்டது திரையில்தான். ஸ்காடா, அதாவது கண்ட்ரோல் ரூமின் வழக்கமான கண்காணிப்புக் கணினி, சில செகண்டுக்கு ஒரு தடவை மட்டும் அளவு எடுப்பதால், இந்த ஆட்டம் அதில் கோணல்மாணலாகச் சிதறிக் கிடக்கும். அதே நிமிடத்தைப் பிஎம்யூ (ஃபேஸர் மெஷர்மென்ட் யூனிட்) என்ற கருவியின் பதிவில் பார்த்தால் அலை அலையாக, தெளிவாக இருக்கும். கண்ட்ரோல் ரூம் மாடியில் காளான் போல வெள்ளையாக நிற்பது அதன் ஜிபிஎஸ் ஆன்டெனா. செகண்டுக்கு 25 அல்லது 50 தடவை வோல்டேஜின் அளவையும், அதன் அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் கோணத்தையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் செயற்கைக்கோள் நேரத்தைக் குத்தி அனுப்பும் கருவி இது. நேரம் ஒரு மைக்ரோசெகண்ட் பிசகினாலும் கோணத்தில் 0.018 டிகிரிதான் பிழை. 1988 வாக்கில் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் இதை உருவாக்கியவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்த அருண் ஃபட்கே.

பார்ப்பது சரி, அடக்குவது எப்படி? ஆடி நோம்பிக்குப் புளியமரத்தில் கட்டும் தூரியை நினைத்துக்கொள்ளுங்கள். அது போகும் திசைக்கு எதிராகக் கை வைத்தால் நிற்கும். அரை ஆட்டம் தாமதித்து அதே கையை வைத்தால் இன்னும் உயரப் போகும். கிரிட்டிலும் அப்படித்தான். இரு முனைகளின் ஃப்ரீக்வன்ஸி வித்தியாசம் எந்தப் பக்கம் வேகம் கூடுகிறது என்று சொல்லும். அதற்கு எதிராக மின்சாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். தாமதம்தான் இதில் பெரிய தலைவலி. ஒரு முழு ஆட்டத்தை 360 டிகிரி என்று வைத்தால், இரண்டு செகண்ட் ஆட்டத்தில் 100 மில்லிசெகண்ட் தாமதம் என்பது 18 டிகிரி, சமாளிக்கலாம். ஒரு செகண்ட் தாமதித்தால் நாமே ஆட்டிவிடுகிறோம்!

1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்கு கிரிட்டில் நான்கு செகண்ட் ஆட்டம் வளர்ந்து, கிரிட்டே நான்கு துண்டானது. கம்ப்யூட்டர் மாடலோ, ஆட்டம் அடங்கிவிடும் என்றது. அது தவறு என்று காட்டியவை கிரிட்டின் பல இடங்களில் எடுத்த அன்றைய அகலப்பரப்பு அளவீட்டுப் பதிவுகள். பிற்பாடு அங்கே பிஎம்யூ சிக்னலைப் பார்த்து பசிபிக் டிசி (நேர்மின்னோட்ட) லைனில் 125 மெகாவாட் வரை கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோலரைப் போட்டுச் சோதித்தார்கள். டேட்டா கெட்டுப்போனால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். என் பார்வையில் அதில் மெச்ச வேண்டியதே அதுதான்.

நம் பக்கம் இதற்குத் தோதான இடம் புகளூர். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து வரும் 800 கேவி டிசி லைன் அங்கேதான் இறங்குகிறது, 6,000 மெகாவாட் திறன். ஏசி லைன்களுக்கு இணையாக ஓடுவதால் மேலே சொன்ன வித்தை இங்கும் பொருந்தும். ஆனால் அதற்கு முன்னால், ஜெனரேட்டர்களில் ஏற்கெனவே இருக்கும், ஆட்டத்தை அடக்கும் பிஎஸ்எஸ் (பவர் சிஸ்டம் ஸ்டெபிலைசர்) கருவியை ஒழுங்காக ட்யூன் செய்தாலே பாதி ஆட்டம் அடங்கும் என்பேன். செலவும் குறைவு.