முகாமில் விற்ற கால்சியம் டின்

கேள்வி: அம்மாவுக்கு 59 வயது. மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை என்று போனோம். குதிகாலை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று பயமுறுத்தி, 400 கிராம் கால்சியம் பவுடர் டின்னை 1,850 ரூபாய்க்குத் தந்தார்கள். தினமும் பாலில் கலந்து குடிக்கணுமாம். இனியும் வாங்கலாமா?

பதில்: அடுத்த டின் வேண்டாம். கையில் இருப்பதைத் திருப்பிப் பின்பக்கச் சிறு எழுத்தைப் படியுங்கள். ஒரு வேளைக்கு எத்தனை மி.கி. கால்சியம்? "பாலுடன் சேர்த்து" என்று கணக்குக் காட்டியிருந்தால் உஷார். 200 மில்லி பசும்பாலிலேயே சுமார் 240 மி.கி. இருக்கிறது. அது பால்காரர் கொடுத்த கால்சியம், டின்காரர் கொடுத்ததல்ல!

மருந்துக் கடையில் கிடைக்கும் 1,250 மி.கி. கால்சியம் கார்பனேட் மாத்திரையில் நிஜமான கால்சியம் 500 மி.கி., அதாவது 40 சதவீதம். பெரும்பாலும் வைட்டமின் டி3-யும் சேர்ந்தே வரும். ஒரு மாத மாத்திரைக்கு டின் விலையில் கால்வாசிகூட ஆகாது; மக்கள் மருந்தகத்தில் இன்னும் மலிவு.

அதற்காக உடனே மாத்திரைக்கு ஓட வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மி.கி. தேவை என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கு. பால், தயிர், கேழ்வரகு அடை, எள்ளுப்பொடி, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் போக எவ்வளவு குறைகிறதோ, அதற்குத்தான் மாத்திரை. கார்பனேட் என்றால் சாப்பாட்டுக்குப் பின். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. 60,000 யூனிட் டி3-யும் அப்படித்தான். வாரம் ஒன்று என்று எழுதித் தருவதைச் சத்து மாத்திரைதானே என்று தினம் ஒன்று போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வேறு வம்பு வரும்.

அப்புறம் அந்தக் குதிகால் மெஷின். அதை வைத்து எலும்புத் தேய்மானம் என்று முடிவு கட்ட முடியாது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே) எடுத்துப் பாருங்கள். அதில் வரும் டி-ஸ்கோர், அதாவது இளவயது எலும்போடு ஒப்பிட்ட மதிப்பெண், மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் கால்சியம் மட்டும் போதாது. அதற்கென்று மருந்து இருக்கிறது, டாக்டர் எழுதுவார்.

டின்னில் 14 இலக்க உரிம எண் இருக்கலாம். அது உணவுப் பொருளுக்கான உரிமம், நோயைக் குணமாக்கும் என்ற சான்று இல்லை. தேய்மானம் சரியாகிவிடும் என்று சொல்லி விற்றிருந்தால், பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். பிரித்த டின்னை வீணாக்க வேண்டாம், குடித்துத் தீர்க்கட்டும். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மட்டும், பவுடரில் எவ்வளவு சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.