பி.எஸ்.ஏ. கூடினால் புற்றுநோய்தானா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 67. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 8.2 என்று வந்திருக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் (ஊசியால் திசுவை எடுத்துச் சோதிப்பது) செய்ய வேண்டும் என்கிறார் மருத்துவர். ஊசி பட்டால் புற்றுநோய் உடல் முழுவதும் பரவிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். புற்றுநோய் என்று தெரிந்தால் உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: பி.எஸ்.ஏ. என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி இயல்பாகவே சுரக்கும் ஒரு புரதம். வயதினால் சுரப்பி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும், அண்மையில் சிறுநீர்க் குழாய் செருகியிருந்தாலும் அதன் அளவு கூடும். இரவில் அடிக்கடி எழுந்திருப்பதற்குப் பெரும்பாலும் சாதாரண வீக்கமே காரணம். புற்றுநோய் பொதுவாகச் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தருவதில்லை. ஆகவே, மாத்திரையில் சிறுநீர்த் தொல்லை குறைந்துவிட்டது என்பதற்காகப் பரிசோதனையைக் கைவிடக் கூடாது. வீக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு மாத்திரையை அப்பா பல மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறாரா என்று பாருங்கள். அவை பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதால், இதை மருத்துவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

உறவினர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அச்சத்தினாலேயே பலர் காலம் கடந்து மருத்துவமனைக்கு வருவதுதான் மிகுந்த வருத்தம் தருகிறது. புராஸ்டேட் பயாப்ஸியின் ஊசியால் புற்றுநோய் பரவுவது மிக மிக அரிது. முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகத்துக்குரிய பகுதிக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள். மதிப்பெண் குறைவாக இருந்தால் பயாப்ஸியே தேவைப்படாமலும் போகலாம். தேவைப்பட்டால், பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் கருவியின் துணையோடு ஆசனவாய் வழியாகவோ, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாகவோ மெல்லிய திசுத் துணுக்குகளை எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டேப்ளர் அழுத்தியதுபோல் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும், இதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில நாட்கள் சிறுநீரிலும், சில வாரங்கள் விந்திலும் ரத்தம் தென்படலாம். ஆனால் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள் சாப்பிடுபவர் என்றால் அதையும் முன்பே தெரிவியுங்கள்.

பயாப்ஸி அறிக்கையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கிளீசன் மதிப்பெண். புற்றுத் திசுவின் இருவகை அமைப்புகளுக்குத் தரும் எண்களைக் கூட்டி, இக்காலத்தில் 6 முதல் 10 வரை எழுதுகிறார்கள். 6 என்பது மிக மெதுவாக வளரும் வகை. 8-உம் அதற்கு மேலும் வீரியம் மிக்கவை. 3+4, 4+3 இரண்டுக்கும் கூட்டுத்தொகை 7 என்றாலும், முதல் எண் அதிகமாகக் காணப்படும் அமைப்பைக் குறிப்பதால் பின்னது கூடுதல் தீவிரமானது.

மதிப்பெண் 6 என்று வந்து, நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தால், உடனே கத்தி வைக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. பிரிட்டனில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாக்கிச் சுமார் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. மூன்று பிரிவுகளிலும் இந்நோயால் இறந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் மூன்று பேர்தான். ஆய்வில் சேர்ந்த அனைவருக்கும் தொடக்கத்தில் நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தது என்பதை மறக்கக் கூடாது. கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பதன்று. குறித்த இடைவெளியில் பி.எஸ்.ஏ., எம்.ஆர்.ஐ., மறு பயாப்ஸி எல்லாம் செய்து, நோய் தீவிரமானால் சிகிச்சைக்கு மாறுவது.

வீரியம் கூடுதல் என்றால் அறுவை சிகிச்சை அல்லது ஹார்மோன் மருந்துடன் கூடிய கதிர்வீச்சு தேவைப்படும். முன்னதில் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும், பின்னதில் மலக்குடல் தொந்தரவும் ஆண்மைக் குறைவும் ஏற்படலாம். எனவே சிறுநீரகவியல் நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். எலும்புக்குப் பரவியிருந்தாலும் கைவிட வேண்டியதில்லை. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்நோய் அடங்கும் என்று 1941-இல் மருத்துவர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் ஊசியாலோ விதைகளை அகற்றியோ அதைத்தான் செய்கிறோம். அபிராடிரோன் போன்ற மாத்திரைகள் கூடுதல் பலன் தருகின்றன.

அப்பாவுக்கு நோய் உறுதியானால், உங்கள் சகோதரர்கள் 45 வயதுவாக்கில் பி.எஸ்.ஏ. பரிசோதனை குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும். குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மூன்றுக்கும் காரணமாகக்கூடிய ஒரே மரபணு மாற்றம் உண்டு என்பதால், மரபணுப் பரிசோதனை உங்களுக்கும் தேவைப்படலாம்.