செடானை யாரும் வாங்குவதில்லையாமே, நான் வாங்கலாமா?

கேள்வி: என் பட்ஜெட்டுக்குள் ஒரு சிறிய செடான் (பின்னால் தனி டிக்கி உள்ள தாழ்வான கார்) பார்த்து வைத்திருக்கிறேன். ஷோரூமிலோ, “இப்போது கிராஸ்ஓவர்தான் ஓடுகிறது, செடானைத் திருப்பி விற்கவே முடியாது. கடனை 5 வருஷத்துக்குப் பதில் 7 வருஷமாக்கினால் மாதத் தவணை அதேதான்” என்கிறார்கள். கூடுதலாகப் போட்டு, எஸ்யூவி மாதிரி உயரமாக இருக்கும் அந்த கிராஸ்ஓவரே வாங்கிவிடட்டுமா?

பதில்: கடனை நீட்டித்துத்தான் வாங்க முடியும் என்றால் வேண்டாம். தவணை அதேதான், சரி. ஆனால் 60 தடவை கட்ட வேண்டியதை 84 தடவை கட்டுவீர்கள். அதாவது 40% கூடுதல். விலைப்பட்டியலில் தெரியும் வித்தியாசத்தை விட்டுவிட்டு, அந்த 24 தவணைகளைக் கூட்டிப் பாருங்கள்.

ஓட்டும் செலவும் இருக்கிறது. உயரமான, கனமான வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போக அதிக எரிபொருள் குடிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் இது நன்றாகவே தெரியும். 100 கிலோமீட்டருக்கு 1 லிட்டர்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் 150 லிட்டர், 8 வருஷத்தில் 1,200 லிட்டர். இரண்டு வண்டிகளின் டயர் ஓரத்திலும் எழுதியிருப்பதையும் படியுங்கள். ஒன்றில் 205/55 ஆர்16, இன்னொன்றில் 225/50 ஆர்18 என்று இருந்தால் (முதல் எண் டயரின் அகலம், கடைசி எண் சக்கரத்தின் அளவு), நான்கு டயர் மாற்ற என்ன ஆகும் என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

மறுவிற்பனை பயம் முழுப் பொய்யில்லை. ஃபோர்டு 2018-லேயே வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டது. நிறுத்திய மாடலுக்கு பம்பர், ஹெட்லைட் போன்றவை கிடைப்பது போகப்போகச் சிரமம். அதனால் உங்கள் ஊர்ச் சாலையில் ஏராளமாக ஓடுகிற, இன்னும் உற்பத்தியில் உள்ள மாடலாகப் பாருங்கள். 3 வருஷத்தில் மாற்றுகிற பழக்கம் இருந்தால் விற்கும் விலை முக்கியம்தான். 8, 10 வருஷம் வைத்திருப்பவருக்கு எந்த வண்டியாக இருந்தாலும் மதிப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

வீட்டில் முழங்கால் வலிக்காரர்கள் இருந்தால் மட்டும் என் பதில் மாறும். அவர்களைப் பின்சீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள். டிக்கியைத் திறந்து உங்கள் பெரிய பெட்டியையும் வைத்துப் பாருங்கள். எத்தனை லிட்டர் கொள்ளளவு என்று போட்டிருந்தாலும் வாய் குறுகலாக இருந்தால் பெட்டி உள்ளே போகாது.

அப்புறம், செடான் ஓடவில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் அல்லவா? அதையே பிடித்துக்கொண்டு தள்ளுபடி கேளுங்கள். இறங்கி வராவிட்டால், அதே மாடலில் 3 வருஷம் ஓடிய வண்டி என்ன விலைக்கு வருகிறது என்று விசாரியுங்கள்.