சொத்தைப் பல்லும் ஃபுளோரைடும்: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: பற்பசையில் உள்ள ஃபுளோரைடு சொத்தையை எப்படித் தடுக்கிறது? அது உடலுக்குள் போனால்தான் பல்லில் சேருமா?

பதில்: விழுங்க வேண்டியதில்லை, பல்லின் வெளிப்பரப்பில் படுவதுதான் முக்கியம். நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் வாயிலுள்ள பாக்டீரியாக்கள் அமிலமாக்குகின்றன; அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (அமிலம் கூடினால் இது குறையும்) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போது, பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுக்களை மெல்ல மெல்லத் திருப்பித் தருகிறது. அப்போது உமிழ்நீரில் சிறிதளவு ஃபுளோரைடு இருந்தால், தாதுக்கள் விரைவாகப் படிவதோடு, புதிதாகப் படிந்த பரப்பு முன்னிலும் நன்றாக அமிலத்தைத் தாங்கும். ஆகவே பசையை அள்ளி வைப்பதைவிட, காலையும் இரவும் தவறாமல் துலக்குவதே பலன் தரும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும். நம் வழக்கப்படி வாய் நிறையத் தண்ணீர் விட்டுப் பலமுறை கொப்பளித்தால், பல்லில் தங்கவேண்டிய ஃபுளோரைடும் கழுவப்பட்டுவிடும்.

கேள்வி: எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் உள்ளது. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கிறது. இந்த நிலையில் பற்பசையிலும் ஃபுளோரைடு தேவையா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. பற்கள் தாடைக்குள் உருவாகும் காலத்தில், அதாவது சுமார் 8 வயதுக்குள், ஃபுளோரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமல் சரிவர முதிராமல் வெண்திட்டும் பழுப்புக் கறையும் உண்டாகின்றன. முளைத்துவிட்ட பல்லுக்கு இந்தப் பாதிப்பு புதிதாக வராது. எனவே பெரியவர்கள், துப்பிவிடுகிற வரையில், ஃபுளோரைடு பற்பசையைத் தயங்காமல் பயன்படுத்தலாம். 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும், குடிநீரின் அளவைச் சொல்லிப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுங்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது குடிநீரைத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் என்பதால், அந்தக் காவிரி நீர் கிடைக்கும் வீடுகளில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரைப் புழக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்கு எவ்வளவு பசை வைக்கலாம்?

பதில்: பொதுவாக, 3 வயது வரை ஓர் அரிசி மணி அளவும், அதன்பின் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். பசையைப் பெற்றோரே வைத்து, அவர்களே துலக்கிவிட வேண்டும்.

கேள்வி: மகனின் முன்பற்களில், ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டு தெரிகிறது. இது சொத்தையா?

பதில்: நேரில் பார்த்தே உறுதி செய்ய வேண்டும், எனினும் பெரும்பாலும் அது சொத்தையின் தொடக்கம். பரப்பு உடையாத வரை இதைத் திருப்ப முடியும். 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷை (பல்லில் ஒட்டிக்கொள்ளும் பூச்சு) மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவர் பூசுவார். வீட்டில் இனிப்பு தின்னும் தடவைகளைக் குறைக்க வேண்டும், இரவுப் பால்புட்டியை நிறுத்த வேண்டும். குழி விழுந்துவிட்டால் எந்த ஃபுளோரைடாலும் அதை நிரப்ப முடியாது.

கேள்வி: நான்கு வயது மகளின் சொத்தைக்குத் துளையிடாமல் ஒரு மருந்தைத் தடவலாம், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும் என்கிறார் மருத்துவர். சம்மதிக்கலாமா?

பதில்: அது சில்வர் டயமின் ஃபுளோரைடாக இருக்கும், பெரும்பாலும் 38 சதவீதக் கரைசல். வெள்ளி பாக்டீரியாக்களைக் கொல்கிறது, ஃபுளோரைடு மெலிந்த பகுதியை இறுகச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கறுப்பு நிலையானது, எனினும் ஊசிக்கும் இயந்திரச் சத்தத்துக்கும் நடுங்கும் குழந்தைக்கு, விழப்போகும் பால்பல்லில் அந்தக் கறுப்பை ஏற்கலாம் என்பதே என் கருத்து. இரவில் வலித்து எழுந்தாலோ, ஈறில் சீழ்க்கட்டி இருந்தாலோ சொத்தை நரம்புவரை சென்றிருக்கக்கூடும்; அப்போது இந்த மருந்து பயன்படாது, தாமதிக்காமல் வேறு சிகிச்சை பெற வேண்டும்.