அந்த நான்கு பக்கக் கடிதம்

கேள்வி: பத்து வருடமாக ஒரே சூப்பர் ஹீரோ தொடரை விடாமல் வாங்குகிறேன். ஹீரோவைவிட அதை எழுதியவர்தான் எனக்கு முக்கியம். இப்போது அவர் விலகிவிட்டார். புதிதாக வந்தவர் இரண்டே இதழில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார். அவரைத் திட்டி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். "உனக்கு முற்றிவிட்டது" என்கிறான் நண்பன். அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் முற்றிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முகமூடி அதேதான், உள்ளிருந்து பேசும் குரல் வேறு என்று கண்டுபிடிக்கத் தனிக் காது வேண்டும். உங்களுக்கு அது இருக்கிறது. நானும் எழுத்தாளர் பெயரைப் பார்த்துத்தான் இதழைக் கையில் எடுப்பேன்.

சரி, கெடுத்தது புதியவர்தான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்? கிறிஸ் கிளேர்மான்ட் 1975 முதல் 1991 வரை மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ குழுத் தொடரான எக்ஸ்மென் எழுதியவர். அவர் பெயரைச் சொன்னதும் ரசிகர்கள் உருகும் இடம் 1980-ல் வந்த 137-வது இதழ்: நிலவில் அந்தக் குழுவைச் சேர்ந்த ஜீன் கிரே தன் உயிரைத் தானே விடும் காட்சி. அவரும் ஓவியர் ஜான் பைர்னும் முதலில் முடித்து வைத்திருந்த கதையில் ஜீன் சாகவே இல்லை. சக்திகளை இழந்து பிழைத்துக்கொள்கிறாள். கதையில் ஒரு கிரகத்தையே அழித்தவளுக்கு இந்தத் தண்டனை போதாது என்று மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் மறுத்துவிட்டார். அந்த இழுபறியில் பிறந்ததுதான் நாம் கண் கலங்கிப் படித்த மரணம். வரைந்த பக்கங்களை ஒதுக்கிவிட்டுக் கடைசிப் பகுதியைப் புதிதாகச் செய்தார்கள். பழைய முடிவு 1984-ல் தனி இதழாக வந்தது. கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், ஒரு மாலைப் பொழுது போவதே தெரியாது.

இந்த ஷூட்டரும் ரசிகராக இருந்தவர்தான். 13 வயதில் தானே கதை எழுதி, கட்டம் கட்டமாகப் படமும் போட்டு மார்வெலின் போட்டியாளரான டிசி நிறுவனத்துக்கு அனுப்பினார். 1966-ல் அவர் கதை அச்சில் வந்தபோது வயது 14. (நான்கு பக்கம் எழுதும் கை உங்களுக்கும் இருக்கிறது, சும்மா சொல்லி வைக்கிறேன்.)

எழுத்தாளர் ஸ்டான் லீ காலத்து மார்வெலிலும் ஒருவர் மட்டும் கதை செய்யவில்லை: கதையைச் சுருக்கமாகப் பேசி முடிவு செய்வார்கள், ஓவியர் ஜாக் கிர்பி பக்கங்களை வரைந்துவிடுவார், வசனம் அப்புறம்தான் வரும். அதில் எது யாருடையது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. உங்கள் பழைய இதழ்களிலும் ஓவியர் யார், எடிட்டர் யார் என்று ஒருமுறை பாருங்கள். அவர்களில் யாராவதுகூட இப்போது மாறியிருக்கலாம்.

புதியவருக்கு ஆறு இதழாவது கொடுங்கள். முதல் இரண்டில் முன்னவர் விட்டுப்போன முடிச்சுகளை அவிழ்க்கவே இடம் போயிருக்கும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தொடரை நிறுத்திவிட்டு, உங்கள் ஆள் அடுத்து எங்கே எழுதுகிறாரோ அங்கே போய்விடுங்கள். பத்து வருடம் வாங்கியதற்காகப் பதினோராவது வருடமும் வாங்க வேண்டியதில்லை.

அந்தக் கடிதத்தில் திட்டையெல்லாம் அடித்துவிட்டால் அரைப் பக்கமாவது மிஞ்சும். பழையவர் எழுதியதில் உங்களுக்கு எது பிடித்தது என்ற பகுதி அது. அதை அவருக்கே அனுப்புங்கள். எந்த இதழ், எந்தப் பக்கம், எந்தக் கட்டம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "நீங்கள் ஒரு மேதை" என்ற வரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதை அவர் நிறையக் கேட்டிருப்பார்.