தியானம் செய்தால் பங்காளிச் சண்டை தீருமா?

"கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்கு நிம்மதி வரலாம், ஊர்ச் சண்டை எப்படித் தீரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விங்க.

கோபிப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணறு இரண்டு பங்காளி வீட்டுக்கும் பொது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். ஒருநாள் என் முறையில் மோட்டார் பெட்டியைத் திறந்தால் ஃபியூஸ் கட்டையைக் காணோம். பெரியப்பா மகன் வேலைதான் என்று முடிவே கட்டிவிட்டேன். காது சூடேறியது, மூச்சு நெஞ்சிலேயே நின்றது. மூச்சைக் கவனிக்கும் பழக்கம் அங்கேதான் கைகொடுத்தது. வசவு வாய்க்கு வரும் முன்பே கோபம் உடம்பில் தெரிந்துவிட்டது. நாலு மூச்சு விட்டு, "அண்ணா, கட்டை எங்கேங்க?" என்று மட்டும் கேட்டேன். கருகிப்போனதால் மாற்றி வர எடுத்துப் போயிருந்தார்.

அடுத்தது மெத்தா, அதாவது அன்பைப் பரப்பும் தியானம். 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி எழுதிய விசுத்திமக்கம் என்ற நூல் அதற்கு ஒரு வரிசை சொல்கிறது: முதலில் தனக்கு, பிறகு மதிப்புக்குரியவர், நெருங்கியவர், முன்பின் உறவில்லாதவர், கடைசியில்தான் பகையாளி. இவர்களுக்கு நடுவே மனம் போட்ட வரப்பு கரையும்வரை செய்யச் சொல்கிறது. பலர் எடுத்ததுமே பகையாளியை நினைத்து, எரிச்சலோடு எழுந்துவிடுகிறார்கள்.



அதற்காக அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தண்ணீர் முறையை நாங்கள் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம்.