பங்கு இறைச்சியில் வரும் ஈரல், குடல், இரத்தம் எல்லாம் சத்தானவையா?

"ஈரலும் குடலும் இரத்த வறையும் சத்து என்று அம்மம்மா சொல்கிறா, கொலஸ்ட்ரோல் என்று மற்றவர்கள் பயப்படுத்துகிறார்கள், எது சரி?" என்று, பல வீடுகள் சேர்ந்து ஆடு வெட்டிப் பிரிக்கும் பங்கு இறைச்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அம்மம்மா சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

ஈரலுக்குத்தான் முதலிடம். 100 கிராம் செம்மறி ஈரலில் சுமார் 7 மில்லிகிராம் இரும்பு, கோழி ஈரலில் சுமார் 9. விட்டமின் பி12 ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும். சின்னத் துண்டு ஈரலே அதைப் பல மடங்கு தந்துவிடும். இரத்த வறையில் இருக்கும் இரும்பு கீரையில் உள்ளதைவிட உடம்பில் நன்றாகச் சேரும். குடல் அப்படி இல்லை. அதில் புரதம் இருக்கிறது, இரும்பு மிகக் குறைவு. நான் அதை ருசிக்காகத்தான் சமைக்கிறேன்.

கொலஸ்ட்ரோலைப் பொறுத்தவரை, 100 கிராம் ஈரலில் கிட்டத்தட்ட இரண்டு முட்டையில் உள்ள அளவு இருக்கும். எப்போதாவது சாப்பிடும் சுகதேகிக்கு அது பயப்பட வேண்டிய கணக்கில்லை.

உண்மையில் கவனிக்க வேண்டியது விட்டமின் ஏ. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்ச வரம்பு 3000 மைக்ரோகிராம். 100 கிராம் ஆட்டு ஈரலில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். எங்கள் வீடுகளில் பிள்ளைத்தாச்சிக்கு இரத்தம் குறைவு என்றால் உடனே ஈரல் வாங்கிக் கொடுப்பார்கள். அன்பால் செய்வதுதான், ஆனாலும் தயவுசெய்து வேண்டாம். அளவு மீறிய விட்டமின் ஏ வயிற்றுப் பிள்ளையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். அந்த மாதங்களில் கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கள். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களும் ஈரலைத் தவிர்ப்பது நல்லது.

மற்றவர்களுக்கு, பங்கு போடும் வழக்கமே நல்ல அளவுகோல். ஒரு ஆட்டின் ஈரல் அத்தனை வீடுகளுக்கும் பிரியும்போது ஆளுக்கு இரண்டு மூன்று துண்டுதான் வரும், அதுவும் தீபாவளி போன்ற நாட்களில். கடையில் கிலோக் கணக்கில் வாங்கி ஒவ்வொரு நாளும் பிரட்டினால்தான் பிரச்சினை.

இரத்தம் அன்றே வெட்டிய ஆட்டினுடையதாக இருக்க வேண்டும், சிவப்பு முழுக்க மாறும்வரை வேக வேண்டும். ஈரலும் நடுவரை வேக வேண்டும், ஆனால் அதற்குமேல் அடுப்பில் விட்டால் இறுகிவிடும். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். கூடச் சாப்பிடும் முருங்கை இலை வறையின் இரும்பும் அதனால் நன்றாகச் சேரும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.